யூனிக்ஸ் ஷெல்லில் கணக்கு வந்த வரலாறு

யூனிக்ஸ் இயங்குதளத்தில் நாம் தட்டச்சு செய்யும் கட்டளைகளை வாங்கி, அவற்றுக்குரிய நிரல்களை ஓடச் செய்யும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். அதே கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்து ஒரே தடவையில் ஓடவிட்டால் அது ஷெல் ஸ்கிரிப்ட். கணினி என்றாலே கணக்கிடும் பொறி என்றுதான் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். ஆனால் யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்தின் ஷெல்லுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் இரண்டும் மூன்றும் ஐந்து என்று தானாகச் சொல்லத் தெரியாது. கூட்டலுக்கு அது வேறொருவரிடம்தான் போக வேண்டியிருந்தது. அந்தக் குறை எப்படி வந்தது, எப்படி நீங்கியது, நீங்கிய பிறகும் எந்தெந்தக் கண்ணிகள் மிஞ்சின என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் அவற்றை ரோமன் எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

ஷெல்லுக்கு முன்பே வந்த கணக்குப்பொறி

1969இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மரே ஹில் என்னுமிடத்தில் இருந்த பெல் ஆய்வகத்தில், கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-7 என்ற சிறு கணினியில் யூனிக்ஸைத் தொடங்கினர். அடுத்து பிடிபி-11 வந்தது. அந்தப் புதிய இயந்திரத்தில் முதலில் ஓடிய மொழி 'டிசி'. அசெம்பிளர்கூட அதற்குப் பிறகுதான். டெஸ்க் கால்குலேட்டர், அதாவது மேசைக் கணக்குப்பொறி என்பதன் சுருக்கம்தான் டிசி. எழுதியவர்கள் ராபர்ட் மாரிஸ், லொரிண்டா செர்ரி ஆகிய இருவர். சி மொழிக்கு முன்னோடியான பி மொழியில் அது எழுதப்பட்டது. இன்றும் புழக்கத்தில் இருக்கும் யூனிக்ஸ் மொழிகளில் இதுவே மூத்தது.

டிசியில் 2 + 3 என்று எழுத முடியாது. 2 3 + என்று எழுத வேண்டும். எண்களை முதலில் அடுக்கில் வைத்துவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்வது இதன் முறை. போலந்து நாட்டுத் தருக்கவியலாளர் யான் வுகாசியேவிச் குறியை முன்னால் எழுதும் முறையை வகுத்தார்; அதைத் திருப்பிப் போட்டது என்பதால் இதைத் தலைகீழ்ப் போலிஷ் முறை என்பார்கள். ஆங்கிலம் பேசுவோருக்கு இது தலைகீழாகத் தெரிவதில் வியப்பில்லை. தமிழில் நாம் "இரண்டையும் மூன்றையும் கூட்டு" என்றுதானே சொல்கிறோம்? வினை கடைசியில் வரும் மொழி நமது. வகுப்பில் இதைச் சொன்னபோது, டிசி தமிழ் படித்த கணக்குப்பொறி என்று ஒரு மாணவி சொன்னாள். அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

டிசியின் உண்மையான பெருமை வேறு. எண் எவ்வளவு நீளமானாலும் அது அஞ்சாது. ஒவ்வோர் எண்ணையும் நூறு அடிமானத்தில் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு பைட்டுக்கு ஒரு துண்டு என்று வரிசையாக வைத்துக்கொண்டது. இடம் போதாவிட்டால் நினைவகத்தில் மேலும் இடம் வாங்கிக்கொண்டது. 16 பிட் இயந்திரத்தில் 32767க்கு மேல் ஒரு சொல்லில் அடங்காத காலத்தில் இது பெரிய வசதி.

தலைகீழ் முறை பிடிக்காதவர்களுக்காகச் செர்ரியும் மாரிஸும் 1975இல் வெளியான யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில் 'பிசி' என்ற மொழியைத் தந்தனர். இதில் பள்ளிக்கூடத்தில் எழுதுவது போலவே 2+3 என்று எழுதலாம். பிசி அதை டிசிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி, டிசியிடமே கொடுத்துவிடும். சொந்தமாக ஒரு கூட்டல்கூடச் செய்யாத, மொழிபெயர்ப்பாளர் வேலை மட்டும் பார்த்த நிரல் அது. மாரிஸ் பிற்காலத்தில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமைக்குப் போனார். செர்ரி 2022இல் மறையும் வரை யூனிக்ஸ் வட்டாரத்துக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. கணித வாய்பாடுகளை அச்சுக்கோக்கும் நிரலை பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து எழுதியவரும் அவரே.

எண் தெரியாத ஷெல்

இவ்வளவு நல்ல கணக்குப்பொறி கூடவே இருந்தபோது ஷெல்லுக்கு ஏன் கணக்குத் தெரியவில்லை? தேவை இல்லை என்று நினைத்தார்கள் என்பதே விடை. 1971இல் வந்த தாம்சன் ஷெல்லின் வேலை நிரல்களை ஓடவிடுவது, ஒன்றின் வெளியீட்டை மற்றொன்றுக்குக் கொடுப்பது, அவ்வளவே. 'இப்படியானால் இதைச் செய்', 'அந்த வரிக்குப் போ' என்பவைகூட ஷெல்லின் பகுதியாக இல்லாமல் தனி நிரல்களாக வெளியே இருந்தன. மாறிகளும் இல்லை, ஸ்கிரிப்டுக்கு வெளியிலிருந்து தரப்படும் உள்ளீடுகளை $1, $2 என்று குறிக்கலாம். ஜான் மாஷே பின்னர் அதை விரித்தெழுதி ஓரெழுத்து மாறிகளைச் சேர்த்தார்.

1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் ஸ்டீபன் போர்னின் ஷெல் வெளிவந்தது. மடக்குகள், நிபந்தனைகள், விரும்பிய பெயரில் மாறிகள் எல்லாம் அதில் வந்துவிட்டன. கணக்கு மட்டும் வரவில்லை. அதன் மாறிகளில் இருப்பவை எல்லாமே எழுத்துச் சரங்கள். ஒரு மாறியில் 5 என்று வைத்தால், ஷெல்லுக்கு அது ஐந்து அன்று. '5' என்ற வடிவம். பெயரைக் கூட்ட முடியாதது போலத்தான் அதையும் கூட்ட முடியாது.

ஆனால் மடக்கு என்று வந்துவிட்டால் எத்தனையாவது சுற்று என்று எண்ணியாக வேண்டுமே. அதற்காக ஏழாம் பதிப்பில் 'எக்ஸ்பர்' என்ற தனி நிரல் இருந்தது. 'எக்ஸ்பர் 5 + 1' என்று ஓடவிட்டால் அது 6 என்று அச்சிடும். அந்த அச்சை ஷெல் பின்சாய்வு மேற்கோள்களுக்குள் பிடித்து, மீண்டும் மாறியில் வைத்துக்கொள்ளும்.

ஐந்துடன் ஒன்றைக் கூட்ட இங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஷெல் தன்னைப் போலவே இன்னொரு செயலாக்கத்தைப் பிரிக்கிறது. அது வட்டிலிருந்து எக்ஸ்பர் நிரலை எடுத்துத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. எக்ஸ்பர் '5', '+', '1' என்ற மூன்று சரங்களை வாங்கி, அவற்றை எண்ணாக மாற்றி, கூட்டி, விடையை மறுபடி சரமாக்கிக் குழாய் வழியே அனுப்பிவிட்டு இறந்துபோகிறது. ஷெல் அதைப் படித்துக்கொள்கிறது. ஆயிரம் வரை எண்ணும் ஸ்கிரிப்ட் ஆயிரம் நிரல்களைப் பிறப்பித்துக் கொன்றாக வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்பதற்கு ஒவ்வொரு முறையும் புது வீடு கட்டி ஆளைக் குடிவைப்பது போன்ற வேலை. அந்நாளைய இயந்திரங்களில் இந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியும்.

எழுதும் முறையிலும் தொல்லைகள் இருந்தன. இடைவெளி விடாமல் 'எக்ஸ்பர் 2+3' என்றால் அது 2+3 என்றே திருப்பி அச்சிடும். ஒரே சரம் வந்தால் அதில் கூட்டுவதற்கு என்ன இருக்கிறது? பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி இட்டால், எக்ஸ்பரிடம் போகும் முன்பே ஷெல் அந்த நட்சத்திரத்தை 'இந்தக் கோப்புறையில் உள்ள எல்லாக் கோப்புகளும்' என்று பொருள் கொண்டு, கோப்புப் பெயர்களால் நிரப்பிவிடும். எனவே அதன் முன் ஒரு பின்சாய்வுக் கோடு வேண்டும். இன்னும் வேடிக்கை, 'எக்ஸ்பர் 5 > 3' என்று ஒப்பிடப் பார்ப்பது. திரையில் ஒன்றும் வராது. ஆனால் 3 என்ற பெயரில் ஒரு புதுக் கோப்பு முளைத்திருக்கும், ஏனென்றால் ஷெல்லுக்கு > என்பது 'வெளியீட்டை இந்தக் கோப்பில் எழுது' என்ற கட்டளை. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்திருந்தால் அதிலிருந்தது போய்விடும்.

பெர்க்லியும் கார்னும்

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 1970களின் இறுதியில் எழுதிய சி ஷெல் இதில் முந்திக்கொண்டது. @ என்ற குறியில் தொடங்கும் வரியில் சி மொழியைப் போலவே கணக்கு எழுதலாம். வேறு நிரல் எதையும் அழைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஸ்கிரிப்ட் எழுதுவோர் வேறு காரணங்களால் சி ஷெல்லைத் தவிர்த்தனர். அதன் கணக்கு முறையும் அதனுடனேயே ஒதுங்கிவிட்டது.

நிலைத்த மாற்றம் பெல் ஆய்வகத்திலிருந்தே வந்தது. டேவிட் கார்ன் தமது ஷெல்லை 1983 ஜூலையில் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் அறிவித்தார். போர்ன் ஷெல்லுக்கு எழுதியவை அதில் ஓடும். கூடவே 'லெட்' என்ற உட்கட்டளையும், முழு எண் மாறிகளும், இரட்டை அடைப்புக்குறிக்குள் கணக்கு எழுதும் முறையும் உண்டு. இரட்டை அடைப்புக்குள் வந்தால் நட்சத்திரம் பெருக்கல்தான், > என்பது 'பெரிது'தான். ஷெல் தன் வழக்கமான பொருளை அங்கே மறந்துவிடும். விடையை அப்படியே வரிக்குள் பதிக்க $((5+1)) என்ற வடிவம் வந்தது.

1992இல் ஐஇஇஇ வெளியிட்ட போசிக்ஸ் ஷெல் தரநிலை இந்த $(( )) வடிவத்தை ஏற்றுக்கொண்டது. வரைவு நிலையில் $[ ] என்றொரு வடிவமும் பேசப்பட்டது. 1988இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதத் தொடங்கிய பாஷ் ஷெல் அதையும் ஏற்றுக்கொண்டது. கைவிடப்பட்ட வடிவம் என்றாலும் பாஷ் இன்றும் அதைப் புரிந்துகொள்கிறது. பழைய ஸ்கிரிப்டுகளில் கண்டால் குழம்ப வேண்டாம்.

பாதி எங்கே போனது?

ஷெல்லுக்குள் கணக்கு வந்துவிட்டது. ஆனால் வந்தது முழு எண் கணக்கு மட்டும். பாஷில் $((7/2)) என்றால் விடை 3. மீதியைப் பற்றிப் பேச்சே இல்லை. $((3/4*100)) என்று விழுக்காடு கண்டால் 0 வரும்; $((3*100/4)) என்றால் 75. கணிதத்தில் இரண்டும் ஒன்று, ஷெல்லில் வேறு வேறு. தவறு என்று எந்த எச்சரிக்கையும் வராது என்பதுதான் இதில் கவலைக்குரியது.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பணியிலிருந்த கடைசி ஆண்டுகளில், மாதத் தேர்வு மதிப்பெண்களுக்குச் சராசரி போட ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதிப் பெருமையோடு பயன்படுத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் இரு தேர்வுகளில் 30, 39. கூட்டினால் 69, பாதி 34.5. அரை வந்தால் மேலே ஏற்றுவது எங்கள் வழக்கம். 35 என்றால் தேர்ச்சி. ஸ்கிரிப்ட் 34 என்றது, நானும் சிவப்பு மையில் எழுதிவிட்டேன். மறுநாள் அவன் நோட்டோடு வந்து, "டீச்சர், நான் போட்டா முப்பத்தஞ்சு வருது" என்றான். கம்ப்யூட்டர் போட்ட கணக்குடா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போய்க் கையால் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அடுத்த நாள் வகுப்பின் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பட்டியலில் அரை மதிப்பெண் இழந்தவர்கள் அவனைத் தவிர இன்னும் பலர் இருந்தார்கள். ஒருவன் மட்டும் தானே போட்டுப் பார்த்திருந்தான்.

சரிசெய்வது எளிது. இரண்டால் வகுக்கும் முன் ஒன்றைக் கூட்டினால் போதும்: $(((69+1)/2)) என்பது 35. பணக் கணக்கென்றால் ரூபாயை விட்டுப் பைசாவில் எழுதலாம், 12.75 என்பதை 1275 என்று வைத்துக்கொண்டால் புள்ளியே தேவைப்படாது. புள்ளி வைத்த எண்ணை பாஷ் ஏற்பதே இல்லை, பிழை என்று நிறுத்திவிடும். 1993ஆம் ஆண்டின் கார்ன் ஷெல்லும், இசட்ஷெல்லும் தசம எண்களை ஏற்கும்.

மற்றவர்கள் வெளி நிரலுக்குத்தான் திரும்ப வேண்டும். 1977இல் ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் எழுதிய 'ஆக்' மொழி தசம எண்களைக் கையாளும். ஆனால் இரண்டடிமான மிதவைப் புள்ளியில் என்பதால் மிக நுண்ணிய இலக்கங்களில் பிசகும். பிசி அப்படியன்று. அது பத்தடிமானத்திலேயே கணக்கிடுவதால் 0.1 உடன் 0.2 கூட்டினால் மிகச் சரியாக .3 தரும். அங்கும் ஒரு கண்ணி உண்டு: எத்தனை தசம இடம் வேண்டும் என்று சொல்லாவிட்டால் வகுத்தலில் சுழியம் என்று கொண்டு, 7/2க்கு அதுவும் 3 என்றே சொல்லும். 'ஸ்கேல்' என்ற மாறியில் 2 வைத்தால் 3.50 வரும்.

ஆகஸ்டில் மட்டும் வரும் பிழை

சில ஸ்கிரிப்டுகள் ஜனவரி முதல் ஜூலை வரை நன்றாக ஓடும். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நின்றுவிடும். யாராவது பார்த்துச் சரிசெய்வதற்குள் அக்டோபர் வந்துவிடும், அதுவும் தானாகவே ஓடத் தொடங்கிவிடும்.

காரணம் எண்ணின் முன்னால் நிற்கும் சுழியம். தேதி காட்டும் கட்டளை மாதத்தை 01, 02 என்று இரண்டு இலக்கங்களில் தரும். சி மொழியில் சுழியத்தில் தொடங்கும் எண் எட்டடிமான எண். இந்த வழக்கம் பி மொழியிலிருந்து வந்தது. பிடிபி-7 இன் 18 பிட் சொல்லை மூன்று மூன்று பிட்டுகளாகப் பிரித்தால் ஆறு எட்டடிமான இலக்கங்களில் அழகாக அடங்கும் என்பதால் அந்நாளில் அது இயல்பான எழுத்துமுறை. ஷெல்லின் கணக்கு சி மொழியைப் பின்பற்ற வேண்டும் என்று போசிக்ஸ் சொன்னபோது இதுவும் சேர்ந்து வந்துவிட்டது. எட்டடிமானத்தில் 0 முதல் 7 வரைதான் இலக்கங்கள். 07 வரை தொல்லையில்லை. 08, 09 இரண்டும் பொருளற்றவை. எனவே பாஷ் பிழை என்று நிற்கிறது. 10, 11, 12 சுழியத்தில் தொடங்குவதில்லை. மணியை வைத்துக் கணக்கிடும் ஸ்கிரிப்ட் இதே காரணத்தால் காலை எட்டு மணிக்கு நின்று பத்து மணிக்கு எழுந்துகொள்ளும்.

நிற்பதாவது நல்லது. சேர்க்கை எண் 017 உடன் ஒன்றைக் கூட்டச் சொன்னால் பாஷ் சற்றும் தயங்காமல் 16 என்று சொல்லும். 017 அதற்குப் பதினைந்து. இதைத் தவிர்க்க எண்ணின் முன் 10# என்று சேர்த்து, பத்தடிமானத்தில் படி என்று சொல்லலாம். இது பாஷ், கார்ன் ஷெல்களில் செல்லும், எல்லா ஷெல்லிலும் செல்லாது. பழைய எக்ஸ்பருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அது 08ஐ எட்டு என்றுதான் படிக்கும்.

சதுரங்கப் பலகையும் எல்லையும்

முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று 64 கட்டங்களையும் நிரப்பக் கேட்ட கதை எல்லாருக்கும் தெரியும். மொத்தம் இரண்டின் 64ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. பாஷில் $((2**64-1)) என்று கேட்டுப் பாருங்கள். விடை -1. அரசன் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை, புலவர்தான் ஒரு மணி பாக்கி!

பாஷ் முழு எண்ணை 64 பிட்டுகளில் வைக்கிறது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 9223372036854775807. அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் கடிகார முள் போலச் சுற்றி -9223372036854775808க்குப் போய்விடும். 20இன் தொடர்பெருக்கம் 2432902008176640000 என்று சரியாக வரும். 21க்குப் போனால் -4249290049419214848. இங்கும் எச்சரிக்கை கிடையாது. அதே கேள்வியை பிசியிடம் கேட்டால் நெல்மணிகள் 18446744073709551615 என்று ஒரு மணி குறையாமல் சொல்லும்.

சுழியத்தால் வரும் இன்னொரு வம்பையும் சொல்ல வேண்டும். யூனிக்ஸில் ஒரு கட்டளை முடியும்போது வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் வேறு எண் என்று ஷெல்லுக்குத் தெரிவிக்கும். எக்ஸ்பரோ, விடை சுழியமானால் 'தோல்வி' என்று 1ஐத் தெரிவிக்கும். கார்னின் லெட்டும் இரட்டை அடைப்பும் அதையே செய்கின்றன. பிழை வந்தால் உடனே நின்றுவிடு என்று கட்டளையிட்ட ஸ்கிரிப்டில், 5லிருந்து 5ஐச் சரியாகக் கழித்த குற்றத்துக்காக ஓட்டமே நின்றுபோகும். $(( )) வடிவத்துக்கு இந்தக் குணம் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது பாஷ், கார்ன் ஷெல்களின் தாராளம். கணக்குக்குள் ஒரு மாறியின் பெயரை எழுதினால், அதில் உள்ள எழுத்துகளையும் அவை ஒரு கணக்காகவே எடுத்து மறுபடி மதிப்பிடும். அந்த எழுத்துகளில் அணியின் சுட்டெண் இருந்து, அதற்குள் ஒரு கட்டளை ஒளிந்திருந்தால் அந்தக் கட்டளையும் ஓடிவிடும். ஆகவே வெளியார் தட்டச்சு செய்து தரும் எண்ணை அப்படியே கணக்கில் சேர்க்கக் கூடாது. அதில் இலக்கங்கள் மட்டுமே உள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். கூட்டல்தானே என்று விட்டுவிட்ட இடத்தில் கணினியையே பறிகொடுக்க வாய்ப்புண்டு.

பழைய கருவிகள் இன்னும் போய்விடவில்லை. எக்ஸ்பர், பிசி இரண்டும் போசிக்ஸ் தரநிலையில் உள்ளன. டிசி அதில் இல்லாவிட்டாலும் குனு மென்பொருள் தொகுப்பில் பிசியுடன் சேர்ந்தே கிடைக்கிறது. 2013இல் லினக்ஸ் கருனல் 3.10 பதிப்பு வந்தபோது, அதைத் தொகுப்பதற்குத் தேவையான கருவிகளில் பிசியும் ஒன்றாகச் சேர்ந்தது. நேர அலகுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் மாறிலிகள் ஷெல்லின் 64 பிட்டில் அடங்காத நீளக் கணக்குகள்; அதுவரை பெர்ல் மொழியில் போடப்பட்டுவந்த அவற்றை, செர்ரியும் மாரிஸும் வகுத்த மொழிக்கு மாற்றி எழுதினார்கள்.